சிங்கப்பூரில் இந்திய விடுதலைப் போராட்டமும் தமிழ்த் தொழிலாளரும்: ஒரு பார்வை

முன்னுரை

இந்திய விடுதலைப் போராட்டம் என்றவுடன் தண்டியும் வேதாரண்யமும், சம்பாரணும் தூத்துக்குடியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அப்போராட்டத்தின் மிக முக்கியமான ஒரு கட்டம் இந்திய மண்ணுக்கு வெளியே, சிங்கப்பூரில் நடந்தேறியது. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது டில்லியிலோ கல்கத்தாவிலோ அன்று. சிங்கப்பூரின் கேத்தே அரங்கில்தான்.

இவ்வரலாறு பெரும்பாலும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தலைவரின் பேருரைகள் தொகுக்கப்பட்டுள்ளன. தளபதிகள் பலர் தன்வரலாறு எழுதியுள்ளனர். ஆனால், அத்திடல்களில் வெயிலிலும் மழையிலும் நின்ற கூட்டத்தில் பெரும்பான்மையினர் தமிழர். இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், நகராட்சியில் துப்புரவுப் பணி செய்தவர்களும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் ஏன் வந்தனர்? தாம் வாழாத, பலர் கண்டும் இராத ஒரு நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தியதால் அவர்கள் பெற்றது என்ன? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்கின்றோம்.

போருக்கு முந்திய சூழல்

சிங்கப்பூருக்கும் இந்திய விடுதலை இயக்கத்துக்கும் உள்ள தொடர்பு இரண்டாம் உலகப் போரோடு தொடங்கியதன்று. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, அலெக்சாண்ட்ரா முகாமிலிருந்த ஐந்தாம் இலகு காலாட்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். கதர் இயக்கத்தின் பரப்புரையும், துருக்கியருக்கு எதிராகப் போரிட அனுப்பப்படுவோம் என்ற அச்சமும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. எழுச்சி சில நாள்களில் ஒடுக்கப்பட்டது. 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைச்சாலைக்கு வெளியே மக்கள் பார்த்திருக்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். சரியாக 27 ஆண்டுகள் கழித்து, அதே பிப்ரவரி 15ஆம் நாளில்தான் பிரிட்டிஷார் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் இழந்தனர் என்பது வரலாற்றின் ஒரு விந்தை ஒற்றுமையாகும்.

எனினும், 1915 எழுச்சி படைமுகாமுக்குள் நிகழ்ந்தது. தோட்டங்களிலும் நகரத்திலும் வாழ்ந்த தமிழரை அது நேரடியாகத் தொடவில்லை. அவர்களுடைய விழிப்புணர்வு வேறு வழிகளில் உருவாயிற்று. 1929ஆம் ஆண்டு இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை புரிந்ததைத் தொடர்ந்து சுயமரியாதைச் சிந்தனை இங்கு வேரூன்றியது. தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இதழும் சாதி வேற்றுமை, கள்ளுக்குடி ஆகியவற்றுக்கு எதிராகக் குரல் கொடுத்தன. மறுபுறம், 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைக்கப்பட்டது. 1937இல் ஜவஹர்லால் நேரு இங்கு வருகை தந்தார். ஒருபக்கம் சமூகச் சீர்திருத்தம், மறுபக்கம் தேசிய உணர்வு என இரு நீரோட்டங்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

இவ்விரண்டும் தோட்டப்புறத்தில் சந்தித்ததன் விளைவே 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த வேலைநிறுத்தமாகும். கூலி உயர்வு மட்டுமே தொழிலாளரின் கோரிக்கையாக இருக்கவில்லை. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பனவும் அக்கோரிக்கைகளுள் அடங்கும். காந்தி குல்லாய் அணிந்து தொழிலாளர் பணிக்குச் சென்றனர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மிதிவண்டி பற்றிய அந்தக் கோரிக்கையை நாம் மனத்தில் இருத்த வேண்டும். ஈராண்டுகளுக்குப் பின் எழுந்த பேரெழுச்சியைப் புரிந்துகொள்ள அதுவே திறவுகோல்.

ஃபேரர் பார்க் திடல்: 1942

இன்று தேக்கா என்று நாம் அழைக்கும் பகுதியை ஒட்டி, சிராங்கூன் சாலைக்கு அருகில் அமைந்துள்ளது ஃபேரர் பார்க் திடல். முன்னர் அது குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியப் படைவீரர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குத் திரட்டப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு அகன்றார். ஜப்பானிய மேஜர் புஜிவாராவும், பஞ்சாப் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங்கும் உரையாற்றினர். இந்திய விடுதலைக்காகப் போரிட ஒரு படை அமையும் என்ற செய்தி அன்று வீரர்களுக்கு அறிவிக்கப்பட்டது.

புஜிவாராவின் ஜப்பானிய உரை ஆங்கிலத்திலும், பின்னர் இந்துஸ்தானியிலும் மொழிபெயர்க்கப்பட்டது. அது பெரிதும் வட இந்தியப் படைவீரர்களின் கூட்டம். தமிழ் பேசும் குடிமக்களின் இயக்கமாக அது இன்னும் மாறவில்லை. 1942 செப்டம்பரில் ஏறத்தாழ 16,000 வீரர்களுடன் முதல் இந்திய தேசிய இராணுவம் முறையாக அமைந்தது. ஆனால், ஜப்பானியரின் நோக்கத்தில் ஐயம் கொண்ட மோகன் சிங் அவர்களோடு முரண்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் கைது செய்யப்பட்டார், படையும் கலைந்தது.

1943: திருப்புமுனை

செர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறிப் பயணம் செய்த நேதாஜி, டோக்கியோ வழியாக 1943 ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூரை வந்தடைந்தார். ஜூலை 4 அன்று கேத்தே அரங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ராஷ் பிஹாரி போஸ் அவரிடம் ஒப்படைத்தார். 1915ஆம் ஆண்டின் கதர் எழுச்சித் திட்டத்தில் முன்னின்று, அது முறியடிக்கப்பட்டபின் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றவர் ராஷ் பிஹாரி. ஆக, முதலாம் உலகப் போர்க் காலத்து முயற்சியும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து முயற்சியும் அன்று ஒரே மேடையில் கைகோத்தன எனலாம்.

ஜூலை 5 அன்று பாடாங் திடலில் படை அணிவகுப்பு நடைபெற்றது. 'டில்லி சலோ' என்னும் முழக்கம் அங்குதான் எழுந்தது. ஜூலை 9 அன்று அதே திடலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் திரண்டனர் என்று கூறப்படுகிறது. மழை கொட்டியபோதும் கூட்டம் கலையவில்லை. முழுப்படை திரட்டல் என்னும் அறைகூவலை நேதாஜி விடுத்தார்: ஆள்பலம், பொருள்பலம், பணம் ஆகிய அனைத்தையும் அவர் மக்களிடம் கேட்டார். அவருடைய இந்துஸ்தானி உரைகள் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டன. போர்க்கைதிகளை மட்டும் நம்பியிருந்த படை, குடிமக்களை நோக்கித் திரும்பிய தருணம் இதுவே. ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என மலாயாத் தீபகற்பம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 18,000 குடிமக்கள் படையில் சேர்ந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

தொழிலாளர் சேர்ந்ததன் காரணங்கள்

இவர்களை ஈர்த்தது தேசபக்தி மட்டும்தானா? ஒரே விடை கூறுவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. குறைந்தது மூன்று காரணங்களை நாம் பிரித்துக் காணலாம்.

முதலாவது, பசி. போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்கள் செயலிழந்தன, அரிசி கிட்டாமல் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. படையில் சேர்ந்தவருக்கு உணவும் உடையும் உறுதி. இரண்டாவது, அச்சம். சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க ஜப்பானியர் தோட்டத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் கொண்டுசென்றனர். சென்றவர் திரும்பவில்லை என்ற செய்தி பரவப் பரவ, விடுதலைப் படையின் சீருடை ஒரு காப்பாகவும் கருதப்பட்டது.

மூன்றாவது காரணம் இவ்விரண்டினும் ஆழமானது. பிரிட்டிஷார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 'போர்க்குணம் மிக்க இனங்கள்' என்னும் கொள்கையைக் கடைப்பிடித்தனர். அதன்படி பஞ்சாபியரும் கூர்க்காக்களும் வீரர்கள். தென்னாட்டவர் உழைப்புக்கு மட்டுமே உரியவர். மலாயாவிலோ தமிழன் என்றால் 'கூலி' என்பதே பொருளாயிற்று. கங்காணிக்குப் பணிந்து, கிராணிக்குப் பணிந்து, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி வாழ்ந்த ஒரு மனிதனை நோக்கி, 'நீ ஒரு போர்வீரன். உன் உயிரால் ஒரு நாடு பிறக்கும்' என்று ஒரு தலைவர் கூறினார். அவனைப் பஞ்சாபி வீரனோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். ஒரே பந்தியில் உணவருந்தச் செய்தார். 'ஜெய் ஹிந்த்' என்னும் ஒரே வணக்கச் சொல் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் பொதுவாயிற்று. கூலி உயர்வைவிட மதிப்பே பெரிது என்று 1941இல் கிள்ளானில் குரல் எழுப்பிய சமூகத்துக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெண்கள் படை

இத்தகைய மாற்றம் பெண்களிடையே மேலும் வியத்தகு வடிவம் பெற்றது. சென்னையில் மருத்துவம் பயின்று 1940இல் சிங்கப்பூர் வந்த டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன், ஜூலை 12ஆம் நாள் கூட்டத்தில் இருபது பெண்களைத் துப்பாக்கியுடன் அணிவகுக்கச் செய்து நேதாஜிக்கு மரியாதை அளித்தார். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ சாலையில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தற்காலிக அரசில் மகளிர் நலத்துக்குப் பொறுப்பேற்ற அமைச்சரும் இலட்சுமியே ஆவார்.

இப்படையினருள் வசதி படைத்த குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். இரப்பர்த் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். எண்ணிக்கையில் பின்னவரே மிகுதி. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, அதன் இரண்டாம் நிலைத் தலைவராக உயர்ந்தார். ஈப்போவைச் சேர்ந்த இராசம்மா தம் தமக்கையுடன் இணைந்தார். இராசம்மா பூபாலன் என்று பின்னாளில் அறியப்பட்ட அவர், மலாயாவில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கோரிய போராட்டத்தில் முன்னின்றார். இவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம் இவர்கள் கல்வி பெற்றிருந்தமையே. எழுத்தறியாத தோட்டத்துப் பெண்கள் தம் கதையை எழுதி வைக்கவில்லை. அவர்களும் அதே காக்கி உடையை அணிந்தனர். அதே துப்பாக்கியைச் சுமந்தனர். இரங்கூனிலிருந்து பின்வாங்கிய நெடிய பாதையை அதே கால்களால் கடந்தனர்.

செட்டியார் கோயில் நிகழ்ச்சி

படைமுகாமுக்குள் தோன்றிய சமத்துவம் சமூகத்துக்குள்ளும் நுழைய முயன்றதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியை நேதாஜியின் உதவியாளர் ஆபித் ஹசன் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். சிங்கப்பூர்ச் செட்டியார்கள் தம் கோயில் விழாவுக்கு வருமாறு நேதாஜியை அழைத்தனர். எல்லாச் சாதியினரும் எல்லாச் சமயத்தினரும் நுழைய இயலாத இடத்துக்குத் தாம் வர இயலாது என்று அவர் மறுத்தார். கோயிலார் ஆலோசித்து இணங்கினர். முஸ்லிம்களான ஆபித் ஹசனும் தளபதி கியானியும் உள்ளிட்ட அதிகாரிகளோடு நேதாஜி கோயிலுக்குள் சென்றார். அனைவர் நெற்றியிலும் திலகம் இடப்பட்டது. வெளியே வந்ததும் நேதாஜி தம் திலகத்தை அழித்துக்கொண்டார். மற்றவர்களும் அவ்வாறே செய்தனர்.

இந்நிகழ்ச்சியைத் தமிழகச் சூழலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலையில்தான். அதற்கு நெடிய போராட்டமும் சட்டத்தின் துணையும் தேவைப்பட்டன. சிங்கப்பூரில் ஒரு தலைவரின் நிபந்தனை ஒருநாள் அக்கதவைத் திறந்தது. ஒருநாள் திறந்த கதவு எந்நாளும் திறந்தே இருந்தது என்று கூற இயலாது. ஆயினும், சாரங்கபாணி போன்றோர் எழுதி வந்த கருத்தும் விடுதலை இயக்கத்தின் தேவையும் ஒரு புள்ளியில் சந்தித்ததை இதில் காண்கின்றோம்.

மறுபக்கம்

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. ஃபேரர் பார்க் கூட்டம் நடந்த மறுநாள், 1942 பிப்ரவரி 18 அன்று, ஜப்பானியர் சீன ஆடவரைத் திரட்டிச் சோதிக்கும் 'சூக் சிங்' நடவடிக்கையைத் தொடங்கினர். பல்லாயிரவர் கடற்கரைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். சோதனை நடந்த இடங்களுள் ஒன்றான ஜாலான் புசார், ஃபேரர் பார்க்குக்கு நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. இந்தியருக்கு நம்பிக்கையளித்த அதே ஆட்சி, அண்டை வீட்டுச் சீனருக்கு எமனாயிற்று.

தமிழருக்கும் அவ்வாட்சி அருள் புரியவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று இணைக்கப்பட்டன. நான்கே நாள்கள் கழித்துக் கேத்தே அரங்கில் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அப்பாதையின் ஓரத்தில் காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டோருள் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். விடுதலைப் படையினர் பர்மாவுக்குச் செல்லவும் அப்பாதையே பயன்பட்டது. ஒரே தோட்டத்திலிருந்து புறப்பட்ட இருவருள், ஒருவன் அப்பாதையை அமைத்து மடிந்தான். மற்றவன் அதன்மீது வீரனாகப் பயணம் செய்தான். சயாமுக்குச் சென்ற தொழிலாளரைக் காக்க இயக்கத்தால் இயன்றது மிகச் சிறிது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

படையில் சேர மறுத்த இந்தியப் போர்க்கைதிகள் பலர் நியூகினி போன்ற தொலைதீவுகளுக்கு அனுப்பப்பட்டு அங்கு மாண்டனர். பணம் திரட்டுவதிலும் வற்புறுத்தல் இருந்தது. தயங்கிய வணிகர்களை நேதாஜி கடுஞ்சொற்களால் எச்சரித்தார். தொழிலாளப் பெண்கள் தம் ஒரே நகையைக் கழற்றிக் கொடுத்த மேடையும், செல்வந்தர் அச்சத்தால் கொடுத்த மேடையும் ஒன்றே.

போருக்குப் பின்

1944இல் இம்பால் போர்முனையில் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு தோல்வியுற்றது. மழையும் நோயும் பசியும் குண்டுகளினும் மிகுதியாக உயிர்களைக் குடித்தன. 1945 ஜூலை 8ஆம் நாள், தோல்வி உறுதியாகிவிட்ட நிலையிலும், மாண்ட வீரர்களுக்காக எஸ்பிளனேடு கடற்கரையில் நேதாஜி ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் மௌண்ட்பேட்டனின் ஆணைப்படி அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். 1946 மார்ச்சில் சிங்கப்பூர் வந்த நேரு, தகர்க்கப்பட்ட அவ்விடத்தில் மலர் வைத்து வணங்கினார்.

இராணுவ நோக்கில் தோல்வியுற்ற இப்படை அரசியல் நோக்கில் தோல்வியுறவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணை இந்தியா முழுவதையும் கிளர்ந்தெழச் செய்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையினர் எழுச்சி கொண்டனர். இந்தியச் சிப்பாயை நம்பி இனி ஆள இயலாது என்பதைப் பிரிட்டிஷார் உணர்ந்தனர்.

இம்மண்ணில் நேர்ந்த விளைவே நம் ஆய்வுக்கு முதன்மையானது. தற்காலிக அரசில் பணியாற்றிய ஜான் திவி 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவரானார். அதன் தொடக்கத்தில் ஜானகியும் பங்கு கொண்டார். இம்பால் சென்று திரும்பிய ஜேம்ஸ் புதுச்சேரி, சிங்கப்பூரில் மாணவராயிருந்து பல்கலைக்கழகச் சோசலிச மன்றத்தை உருவாக்கியோருள் ஒருவரானார். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிய எஸ். ஏ. கணபதி மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக உயர்ந்து, 1949 மே மாதம் பிரிட்டிஷாரால் தூக்கிலிடப்பட்டார். கெடா மாநிலத் தோட்டங்களில் 1946–47இல் தோன்றிய தொண்டர் படையினர், முன்னாள் வீரர்களிடம் கற்ற அணிவகுப்பு முறையோடு கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். டில்லிக்குச் செல்லக் கற்ற நடை, தோட்டத்துக் கள்ளுக்கடை வாயிலில் வந்து நின்றது.

முடிவுரை

1995ஆம் ஆண்டு சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம், இரண்டாம் உலகப் போர் நினைவிடங்களுள் ஒன்றாகப் பழைய நினைவுச் சின்னம் இருந்த இடத்தில் ஓர் அடையாளக் கல்லை நிறுவியது. 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் இவ்வரலாற்றுக்கு இடமளித்துள்ளது. சீனரின் துயரமும் இந்தியரின் எழுச்சியும் ஒரே காலத்தில் நிகழ்ந்த ஊரில், இரண்டையும் ஒருங்கே நினைவுகூர்வதற்கு இதனினும் பொருத்தமான வழி இல்லை.

இந்திய தேசிய இராணுவத்தின் தமிழ்த் தொழிலாளர் டில்லியை அடையவில்லை. அவர்களுள் மிகப் பலர் தாம் புறப்பட்ட தோட்டத்துக்கே திரும்பி, மீண்டும் பால்மரம் வெட்டினர். ஆனால், திரும்பியவர் புறப்பட்டவராக இல்லை. துரையைக் கண்டு மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் அதன்பின் நிலைக்கவில்லை. இந்தியா 1947இல் பெற்ற விடுதலையில் அவர்களுக்குப் பங்குண்டு. அதைவிட, இம்மண்ணில் குடிமக்களாகத் தலைநிமிர்ந்து வாழும் உரிமையை நாடியதில் அவர்கள் நமக்கு முன்னோடிகள். அவர்களுடைய பெயர்களைத் தேடித் தொகுக்கும் பணி இன்னும் முற்றுப் பெறவில்லை. குடும்பங்களில் எஞ்சியிருக்கும் நிழற்படங்கள், பழைய சான்றிதழ்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியவை அழியுமுன் அவற்றைப் பதிவு செய்தல் இந்திய ஆய்வியல் மாணவர்களின் கடமையாகும். தலைவர்களின் வரலாறு நூலகங்களில் பாதுகாப்பாக உள்ளது; தொண்டர்களின் வரலாறோ, அதனை நினைவில் வைத்திருப்போரின் வாழ்நாள் அளவே நிலைத்திருக்கும்.